வலையில் செய்த ஆமையும் காணாமல் போன மணலும்

களிமண்_தேவி
போன ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரிக்கு வடக்கே தந்திராயன்குப்பம் கரையில் நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து ஒரு பங்குனி ஆமை செய்தோம். உள்ளே மூங்கில் சட்டம், மேலே கரையில் ஒதுங்கிய அறுந்த வலைகள், நான்கு துடுப்புக்கும் முறிந்துபோன சர்ஃப் (அலைச்சறுக்கு) போர்டுகள். சர்ஃப் சொல்லிக்கொடுக்கும் பையன்கள்தான் பாதிப் பொருளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். படம் போட்டதும் நிறையப் பேர் பாராட்டினார்கள். ஆனால் ஒருவர் மட்டும் "இதனால் கடலுக்கு என்ன ஆச்சு?" என்று ஒரே வரியில் கேட்டார், அது மூன்று நாளாக மனதை விட்டுப் போகவில்லை. கடலுக்காக என்று சொல்லிச் செய்கிற கலை கடலுக்கு ஏதாவது செய்கிறதா? சர்ஃப் போகிறவர்கள், கரையில் குடியிருக்கிறவர்கள் எல்லோரும் நேராகச் சொல்லுங்கள்.

வைத்திக்குப்பம்
நேராகவே சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வலையில் ஆமை செய்து நிறுத்தினால் பார்க்கிறவர் மனதில் முதலில் என்ன வரும்? ஆமையைக் கொன்றது மீனவன் என்றுதான் வரும். எந்த மீனவனும் வேண்டுமென்று வலையைக் கடலில் விட்டுவிட்டு வரமாட்டான். ஒரு துண்டு வலை பாறையில் சிக்கி அறுந்தால் அன்றைக்கு வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆமை மூச்சு விட மேலே வர முடியாமல் இழுவைப்படகின் மடிவலையில் செத்துப்போகிறது, அது உண்மை. ஆனால் இழுவைப்படகு வேறு, ஃபைபர் படகில் போய் நாங்கள் விடுகிற வலை வேறு. அந்த வித்தியாசம் உங்கள் ஆமையில் எங்கே இருக்கிறது?

அப்புறம், எங்கள் பக்கம் செத்தது ஆமை மட்டும் இல்லை, கரையே செத்துவிட்டது. 1980-களின் கடைசியில் புதுச்சேரியில் அரியாங்குப்பம் ஆறு கடலில் சேருகிற இடத்தில் துறைமுகத்துக்காகக் கல்லைக் கொட்டி இரண்டு தடுப்புகள் கட்டினார்கள். நம் கடல் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் மணலைத் தெற்கே இருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும், வாடைக்காற்று வீசுகிற மாதங்களில் மட்டும்தான் கொஞ்சம் திருப்பிக் கொண்டுவரும். தடுப்பு வந்ததும் வடக்கே போக வேண்டிய மணல் வீராம்பட்டினம் பக்கமே தங்கிவிட்டது, குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று வரிசையாகக் கடல் தின்னத் தொடங்கியது. தேங்குகிற மணலை உறிஞ்சி வடக்கே கொட்ட வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்தது, அது ஒழுங்காக நடக்கவில்லை. 2022 மார்ச்சில் நடுவில் இடிந்து விழுந்ததே பழைய பாலம், அதுவும் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நின்றதுதான். ஆனால் தூண்களின் மேல் நின்றது, மணல் அதன் காலடியில் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

என் பாட்டி சொல்வார், சித்திரை வெயிலில் வீட்டு வாசலில் இருந்து கடலைத் தொட ஓடினால் நடுவில் இரண்டு இடத்தில் துண்டைப் போட்டு அதன்மேல் நின்று காலை ஆற்றிக்கொண்டுதான் போக முடியுமாம். அவ்வளவு மணல். இன்றைக்கு வாசலில் இருந்து பதினைந்து அடியில் கருங்கல். கரைவலை இழுக்க இடமில்லை, படகு ஏற்ற இடமில்லை. இது உங்கள் கலைக்கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் மணல் போன இடத்தில் பொறுக்கி எடுக்கக் கலர்கலராக ஒன்றும் கிடக்காது.

நீலச்சுவர்
மணலைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அதற்காகக் கலையே வேண்டாம் என்ற இடத்துக்குப் போக வேண்டியதில்லை. 2009-ல் கிறிஸ் ஜோர்டன் என்ற புகைப்படக் கலைஞர் பசிபிக்கின் நடுவில் உள்ள மிட்வே தீவுக்குப் போய்ச் செத்துக் கிடந்த ஆல்பட்ராஸ் குஞ்சுகளைப் படம் எடுத்தார். இறகும் எலும்பும் மக்கிப்போயிருக்கிறது, வயிறு இருந்த இடத்தில் பாட்டில் மூடியும் சிகரெட் லைட்டரும் அப்படியே கிடக்கிறது. தாய்ப்பறவை இரை என்று நினைத்துக் கொண்டுவந்து ஊட்டியது. கடல் பிளாஸ்டிக் பற்றி எத்தனை அறிக்கை படித்திருப்போம், ஒன்றாவது நினைவில் இருக்கிறதா? அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறக்கவில்லை. மெக்சிகோவில் கான்கூன் கடலுக்கடியில் ஜேசன் டிகேர்ஸ் டெய்லர் நூற்றுக்கணக்கான சிலைகளை இறக்கியிருக்கிறார், பவளம் ஒட்டி வளருகிற மாதிரியான சிமெண்டில். முக்குளிக்க வருகிறவர்கள் அங்கே போவதால் இயற்கையான பவளப்பாறைக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும் என்பதும் அதில் ஒரு நோக்கம்.

அலைப்பையன்
வைத்திக்குப்பம் அண்ணா, நானும் குப்பத்துப் பையன்தான், எங்கள் அப்பாவும் கடலுக்குப் போகிறவர்தான். சர்ஃப் என்றால் வெளிநாட்டுக்காரன் விளையாட்டு என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. சின்ன வயதில் உடைந்த கட்டுமரக் கட்டையில் குப்புறப் படுத்து அலையில் வந்திருக்கிறோம், அதற்கு ஒரு பெயர் இருப்பது மட்டும் அப்போது தெரியாது. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் சர்ஃப் பள்ளி தொடங்கிய மூர்த்தி மேகவனும் மீனவர்தான். இன்றைக்கு எங்கள் தெருவில் நாலு பேருக்கு இதில்தான் சோறு.

போர்டில் விரிசல் விட்டால் நான் போவது படகு ஒட்டுகிற மாமாவிடம். அதே ரெசின், அதே கண்ணாடி இழை மேட், அதே ஹார்ட்னர். ஒரே ஒரு தடவை தெர்மோகோல் மாதிரி நுரை வைத்த போர்டில் அந்தப் படகு ரெசினை ஊற்றிவிட்டோம், கண் முன்னாடியே உள்ளே கரைந்து கை நுழைகிற அளவுக்குக் குழி விழுந்துவிட்டது. அதற்கு எபாக்ஸி என்ற வேறு ரெசின்தான் ஊற்ற வேண்டும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், முறிந்த போர்டும் முறிந்த ஃபைபர் படகும் ஒரே குப்பை. இரண்டும் மக்காது, இரண்டையும் வாங்குகிற காயலான் கடை இல்லை. ஆமையின் துடுப்பாக வைக்கிறோம் என்றார்கள், சந்தோஷமாகக் கொடுத்தேன், வீட்டுப் பின்னாடி கிடந்தது குறைந்தது. ஆனால் நாங்கள் ஓட்டுகிற போர்டே கடலுக்கு ஆகாத பொருளில் செய்தது என்பதை அந்த ஆமை சொல்லவில்லை, அது என் மனதிலும் உறுத்துகிறது.

வைத்திக்குப்பம்
தம்பி, உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் பக்கம் கடலுக்குள் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு போட்டதற்கு அப்புறம்தானே சர்ஃபுக்கு நல்ல அலை கிடைத்தது என்று சொல்கிறீர்கள்? அந்தக் கல் உங்களுக்கு மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. அதற்கு வடக்கே இருக்கிற கரைக்கு யார் மணல் கொடுப்பது?

அலைப்பையன்
உண்மைதான் அண்ணா, மறுக்கவில்லை. கல்லோரத்தில் மணல் திட்டு சேர்ந்ததால்தான் அலை ஒரு பக்கமாக வரிசையாக உடைகிறது, வகுப்பு எடுப்பதும் அங்கேதான். கல்லுக்கு வடக்கே கரை அரித்து வளைந்து கிடப்பதை நான் தினமும் பார்க்கிறேன். பொம்மையார்பாளையம் பக்கம் வீடு போனவர்களின் பிள்ளைகள் என்னோடு படித்தவர்கள்.

ஆனால் இதையும் கேளுங்கள். அலை அழகாக உடைய அடியில் மணல் வேண்டும். உங்கள் வீட்டு முன்னாடி மாதிரி கரை முழுக்கக் கல்லைக் கொட்டிவிட்டால் வருகிற அலை கல்லில் மோதித் திரும்பி அடிக்கும், அடுத்து வருகிற அலையோடு முட்டி மேலே எகிறும். அங்கே போர்டும் போட முடியாது, படகும் இறக்க முடியாது. நீங்கள் கேட்கிற மணலைத்தான் நானும் கேட்கிறேன். டஹிட்டித் தீவில் டியாஹுபோ என்ற இடத்தில் 2024 ஒலிம்பிக் சர்ஃப் போட்டிக்காக நடுவர்களுக்குப் புதுக் கோபுரம் கட்டப் போனார்கள், அந்த வேலைக்கு வந்த மிதவைப்படகு பவளத்தை உடைத்தது. அதை எதிர்த்து அந்த ஊர் சர்ஃப்காரர்களும் மீனவர்களும் ஒன்றாகத்தான் நின்றார்கள், கோபுரத்தைச் சின்னதாக்க வேண்டியதாயிற்று. இங்கே நாம் ஒருதடவைகூட ஒன்றாக நின்றதில்லை.

உப்பனாறு
கடலூரில் இருந்து எழுதுகிறேன். நீங்கள் மணலைக் கண்ணுக்குத் தெரியாதது என்கிறீர்கள், எங்கள் ஊரில் கண்ணுக்கே தெரியாமல் தண்ணீரில் கலந்து வருவது வேறு. ஆற்றோரம் ரசாயன ஆலைகள் வரிசையாக இருக்கின்றன. சில ராத்திரி ஜன்னலைச் சாத்தினாலும் அழுகிய முட்டை மாதிரி நாற்றம் வரும். ஆற்றில் இறால் தடவுகிற என் சித்தப்பாவுக்கு விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. சாயங்காலம் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் உட்கார்ந்து பார்த்தால் கடல் அவ்வளவு அழகாக இருக்கும், எந்தக் குறையும் தெரியாது.

சர்ஃப்காரர்களிடம் நான் எதிர்பார்ப்பது ஒன்றுதான். 1990-ல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் சர்ஃப் போகிறவர்கள் சங்கம் வைத்தார்கள். சாக்கடையைச் சுத்தம் செய்யாமல் கடலில் விட்டதால் காதும் வயிறும் கெட்டு அலுத்துப்போனவர்கள். ரப்பர் உடுப்பும் விஷவாயு முகமூடியும் போட்டு, கையில் போர்டோடு போய் நின்று கேட்டார்கள். அதைக் கலை என்று யாரும் காட்சிக்கு வைக்கவில்லை, ஆனால் ஆயிரம் ஆமையைவிட அது பேசியது. தண்ணீருக்குள் உடம்பை வைக்கிறவன் சொல்வதற்குத் தனி எடை உண்டு.

அலைப்பையன்
மழைக்கு மறுநாள் வாய்க்கால் தண்ணீர் கலந்து கடல் பழுப்பாகிவிடும், அன்றைக்கு வகுப்பு வைப்பதில்லை. எந்தெந்தத் தேதி என்று என் நோட்டில் இருக்கிறது. இதை வெளியே சொன்னால் ஆள் வரமாட்டார்கள் என்று பயந்துதான் இத்தனை நாள் சொல்லவில்லை. போடுகிறேன்.

களிமண்_தேவி
எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். வலையைப் பற்றிச் சொன்னது சுட்டது, அப்படி ஒரு அர்த்தம் வரும் என்று செய்யும்போது தோன்றவே இல்லை. ஆமையைப் பிரித்துவிடுகிறேன். ஆனால் வைத்திக்குப்பம் அண்ணா, உங்கள் பாட்டி துண்டைப் போட்டு நின்ற அந்த இரண்டு இடத்தை விட்டு என்னால் வெளியே வர முடியவில்லை. இல்லாமல் போன மணலை எப்படிக் காட்டுவது?

நீலச்சுவர்
நியூயார்க்கில் ஈவ் மோஷர் என்ற கலைஞர் 2007-ல் ஒரு வேலை செய்தார். மைதானத்தில் கோடு போடுகிற சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு, கடல் மட்டத்துக்குப் பத்தடி உயரம் எங்கெங்கே வருகிறதோ அந்த இடங்களை இணைத்து மைல்கணக்கில் தெருத்தெருவாக வெள்ளைக்கோடு போட்டார். இது என்ன என்று கேட்டவர்களிடமெல்லாம் வெள்ளம் வந்தால் இதுவரை வரலாம் என்று நின்று பேசினார். ஸ்காட்லாந்தின் ஒரு தீவில் இரண்டு ஃபின்லாந்துக் கலைஞர்கள் கட்டடச் சுவர்களில் ஒளிக்கோடு போட்டார்கள், ஓதம் ஏறும்போது அந்தக் கோடு எரியும். இரண்டுமே வரப்போகிற கடலைக் காட்டியவை. நமக்கு வேண்டியது போன கரை.

உப்பனாறு
கோடு போட்டால் அதிகாரிக்குத் தெரிந்துவிடுமா? எனக்கு நம்பிக்கை இல்லை. 2018-ல் புதுச்சேரித் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் எஃகுத் தடுப்பை இறக்கினார்கள், கூட்டம் கூடுகிற இடத்தில் மணல் திரும்பி வந்தது. பல வருஷம் விடாமல் மனு, வழக்கு, ஆய்வு என்று போராடியவர்கள் இருக்கிறார்கள். படம் வரைந்ததால் வரவில்லை.

வைத்திக்குப்பம்
அதேதான், கூட்டம் கூடுகிற இடத்தில் வந்தது. எங்கள் வாசலில் இன்னும் கல். அதனால்தான் யோசிக்கிறேன். மனு போடுவதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, ஆனால் இங்கே கரை இருந்தது என்பதே எங்கள் தெருவில் இருபது வயதுப் பையனுக்குத் தெரியாது. அவன் பிறந்தபோதே கல்தான்.

பழைய கரை இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது, சுண்ணாம்புக்கோடு போட முடியாது. மிதவை போடலாம். உங்கள் ஆமையில் எத்தனை மிதவை இருக்கிறது தேவி? பாட்டிக்குப் பார்வை மங்கல், ஆனால் கோயில் வாசலில் நிறுத்தினால் கையைக் காட்டும். பெரியவர்கள் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு இடம் சொல்வார்கள், சண்டை வரும், வரட்டும்.

களிமண்_தேவி
அறுபத்து இரண்டு மிதவை. வெள்ளை இருபது, மற்றதெல்லாம் ஆரஞ்சு.

அலைப்பையன்
பத்துப் போர்டு இருக்கிறது அண்ணா. நாங்கள் துழாவிக்கொண்டு போய் பெரியவர்கள் கை காட்டுகிற இடத்தில் விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறோம். கல் கட்ட வேண்டாம், சாக்கில் மணல் கட்டி இறக்குவோம். கல் என்றால் அவிழ்த்து அங்கேயே போட்டுவிடத் தோன்றும்.

வைத்திக்குப்பம்
ஞாயிறு காலை ஐந்தரை. ஏழு மணிக்குப் படகுகள் திரும்பும், அதற்குள் கடைசிக் கயிறு வரைக்கும் வெளியே வந்திருக்க வேண்டும், எண்ணிப் பார்த்துத்தான் அனுப்புவேன். மணல் மூட்டைக்கு எங்கள் தெருவில் மணல் கிடைக்காது, உங்கள் பக்கம் இருந்தே கொண்டுவாருங்கள்.