ஸ்கூல் சப்பாத்து வாங்கிற அனுபவங்கள்: ஏன் 11ஆம் நம்பர் ஒரு கடையில முட்டுது, இன்னொரு கடையில கழண்டு விழுது?

ஹரோ அம்மா:

இங்க லண்டனில செப்ரெம்பர் முதல் கிழமை பள்ளிக்கூடம் திறக்குது. ஓகஸ்ட் கடைசியில ஹை ஸ்ரீற் சப்பாத்துக் கடையளில நம்பர் சீட்டு எடுத்துக் காத்து நிண்டாலும், "இந்த டிசைன்ல உங்கட அளவு முடிஞ்சுது, அரை அளவு பெரிசு தரட்டோ" எண்ட பதில்தான் கூடுதலா வருது. ஒரே பிள்ளைக்கு ஒரு கடையில 11, பக்கத்துக் கடையில 12. சூப்பர்மார்க்கெற்றில 11 போட்டால் பெருவிரல் முட்டுது. கடையில வேலை செய்த ஆக்கள், சப்பாத்து திருத்திற ஆக்கள், பள்ளிக்கூடத்தில வேலை செய்யிற ஆக்கள் எல்லாரும் இங்க இருக்கிறீங்கள். என்ன நடக்குது, எதைப் பார்த்து வாங்கவேணும் எண்டு விபரமா எழுதுங்கோ.

முன்னாள் கடை ஊழியர்:

முதல் அந்த அளவு நம்பர். பிரித்தானிய அளவில ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் உள்ள வித்தியாசம் அங்குலத்தில மூண்டில ஒரு பங்கு. 8.5 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. அரை அளவு எண்டால் 4.2. வாற்கோதுமை மணியின்ர நீளத்தை வைச்சு அளந்த காலத்துக் கணக்கு அது, இண்டைக்கும் மாறேல்லை. பிள்ளையளின்ர வரிசை 4 அங்குலத்தில பூச்சியமாத் தொடங்கி 13½ வரைக்கும் போகும். அதுக்கு அடுத்தது 14 இல்லை, திரும்பவும் 1. முதல்தரம் வாங்கிற தாய் தகப்பன் 1 எண்ட பெட்டியைக் கைக்குழந்தையின்ர எண்டு நினைச்சு ஒதுக்கிறது இதாலதான்.

இந்த நம்பர் சொல்லுறது காலின்ர நீளத்தை இல்லை, சப்பாத்தை உருவாக்கிற அச்சின்ர நீளத்தை. 10ஆம் நம்பர் அச்சு 186 மில்லிமீற்றர். விரலுக்கு முன்னால 12 மில்லிமீற்றர் இடம் விட்டால் அதுக்குள்ள போகவேண்டிய கால் 174. ஆனா எவ்வளவு இடம் விடுறது எண்டதை ஒவ்வொரு கொம்பனியும் தானே முடிவு செய்யுது. முன்பக்கம் ஒடுங்கி வாற டிசைன் எண்டால், அந்த நுனியில விரல் நிக்காது. நீளம் கணக்கில இருக்கும், காலுக்கு உதவாது. நம்பர் ஒண்டாயிருந்தும் ஒண்டு முட்டி ஒண்டு கழளுறதுக்குக் காரணம் இதுதான்.

அடுத்தது, கடையில ஏன் "இல்லை" எண்டு சொல்லீனம். 10 இல இருந்து 3 வரைக்கும் அரை அளவையும் சேர்த்து எண்ணிப் பாருங்கோ, 13 அளவு. அதில ஒவ்வொண்டுக்கும் ஈ, எஃப், ஜி, எச் எண்டு நாலு அகலம். ஒரு டிசைனுக்கு ஒவ்வொரு சோடி வைச்சாலே 52 பெட்டி, பத்து டிசைனுக்கு 520. ஹை ஸ்ரீற் கடையின்ர பின் அறை அதுக்குக் காணாது. அதால நடு அளவுகளும் எஃப், ஜி அகலமும்தான் கூட வந்து இறங்கும். ஒடுங்கின ஈயும் நல்லா அகண்ட எச்சும் ஒண்டிரண்டுதான், அதுகள் முதலே முடிஞ்சுபோகும். முடிஞ்ச பிறகு வாற அகலக்கால் பிள்ளைக்கு என்ன நடக்கும்? அகலத்துக்குப் பதிலா நீளத்தைக் குடுப்பினம். கடையில நடக்கிற பிழைகளில பெரிய பிழை இதுதான்.

ஏன் பிழை எண்டால், சப்பாத்து மடியிற இடமும் கால் மடியிற இடமும் ஒண்டா இருக்கவேணும். பெருவிரலின்ர அடி மூட்டு இருக்கிற இடத்திலதான் கால் மடியும், அச்சிலயும் அந்த இடம்தான் ஆக அகலம். அரை அளவு, ஒரு அளவு எண்டு பெருப்பிச்சால் சப்பாத்தின்ர மடிப்பு விரலுக்குக் கிட்டப் போயிடும். நடக்கேக்க குதி கழண்டு கழண்டு எழும்பும், பிள்ளை விரலைச் சுருட்டிப் பிடிச்சுக்கொண்டு நடக்கும், பின்பக்கம் தோல் உரியும். தடிப்பான சொக்ஸ் போட்டால் சரியாகாது. குதியில ஒட்டுற மெத்தையும் காலை முன்னுக்குத் தள்ளிவிடுமே தவிர மடிப்பை மாத்தாது.

குரொய்டன் வாசி:

ஒன்லைன்ல யூரோ (ஐரோப்பிய) அளவைப் பார்த்து வாங்கிற ஆக்களுக்கு: யூரோவில ஒரு நம்பர் 6.67 மில்லிமீற்றர், இங்கத்தைய நம்பர் 8.5. ரெண்டும் ஒரே இடத்தில வந்து சேராது. 10க்கு 28 நல்லாப் பொருந்தும். 12ஐ சில பேர் 30 எண்டு போடுவினம், சில பேர் 31 எண்டு. சென்ரிமீற்றர் அட்டவணை போட்டிருந்தால் அதை மட்டும் பாருங்கோ. அதிலயும் அது காலின்ர நீளமோ சப்பாத்தின்ர உள் நீளமோ எண்டு பார்த்துக்கொள்ளுங்கோ. ரெண்டுக்கும் இடையில ஒண்டரை நம்பர் வித்தியாசம் வரும்.

முன்னாள் கடை ஊழியர்:

அதால வீட்டில அளந்து கொண்டு போங்கோ. கடையில அளக்கிற கருவி நல்லதுதான், ஆனா சனம் நிறைஞ்ச நாளில பிள்ளையை இருத்தி வைச்சே அளந்துபோட்டு விட்டிடுவினம். கால் உடம்பைத் தாங்கேக்க நீளும், அகலும். இருந்த காலின்ர அளவு பிழை.

பின்னேரம் அளவுங்கோ, நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போடுற அதே சொக்ஸ் போட்டிருக்கவேணும். கம்பளத்தில வேண்டாம், பலகை அல்லது ரைல்ஸ் நிலத்தில சுவரோட முட்ட ஒரு கடதாசி வையுங்கோ. பிள்ளை குதிக்கால் சுவரில படுற மாதிரி, ரெண்டு காலிலயும் சரிசமனாப் பாரம் குடுத்து, நேரா முன்னுக்குப் பார்த்து நிக்கவேணும். தன்ர காலைக் குனிஞ்சு பார்த்தால் பாரம் முன்னுக்குப் போய் அளவு மாறும். ஆக நீளமான விரலுக்கு முன்னால கோடு போடுங்கோ. அது எல்லாருக்கும் பெருவிரல் இல்லை, கனபேருக்கு ரெண்டாவது விரல். பென்சிலை நட்டுக்குத்தா வைச்சுக் கீறவேணும், சரிச்சால் 3, 4 மில்லிமீற்றர் பிழைச்சிடும். ரெண்டு காலையும் அளவுங்கோ, பெரிய காலுக்குத்தான் சப்பாத்து.

இப்ப ஒரு மட்டை எடுத்து, விரல் அகலத்தில, கால் நீளத்தோட 12 மில்லிமீற்றர் கூட்டி ஒரு துண்டு வெட்டுங்கோ. கால் 180 எண்டால் துண்டு 192. கடையில எந்தச் சப்பாத்தை எடுத்தாலும் அந்தத் துண்டைக் குதியில இருந்து நுனி வரைக்கும் உள்ளுக்க விட்டுப் பாருங்கோ. மடிஞ்சால் சப்பாத்து கட்டை. முன்பின்னா ஒரு சென்ரிமீற்றர் ஆடினால் பெரிசு. பெட்டியில 10½ எண்டு இருக்கட்டும், 12 எண்டு இருக்கட்டும், துண்டு சொல்லுறதுதான் சரி. மேலால பெருவிரலை அமத்திப் பார்க்கிற பழக்கத்தை விடுங்கோ. அமத்தின உடன பிள்ளை விரலை உள்ளுக்க இழுத்திடும், இடம் இருக்கிற மாதிரித் தெரியும்.

ஈஸ்ற்ஹாம்:

நீளம் விளங்குது. அகலத்தை எப்பிடிப் பார்க்கிறது? சூப்பர்மார்க்கெற்றில ஈயும் இல்லை எச்சும் இல்லை, ஒரே அகலம்தான்.

முன்னாள் கடை ஊழியர்:

இன்சோல் (சப்பாத்துக்குள்ள கால் படுற அடித்தட்டு) கழட்டக்கூடியது எண்டால் வெளியில எடுத்து, அதுக்கு மேல பிள்ளையை நிக்க விடுங்கோ. கால் சதை ரெண்டு பக்கமும் விளிம்பைத் தாண்டி வழிஞ்சால் ஒடுக்கம். ஒட்டின இன்சோல் எண்டால் சப்பாத்தைப் போட்டு எழும்பி நிக்கவிட்டு, ஆக அகலமான இடத்தில மேல்தோலைப் பெருவிரலால குறுக்கால தடவுங்கோ. மெல்லிய அலை ஒண்டு எழும்பினால் சரி. மேளத்தோல் மாதிரி இழுபட்டு நிண்டால் ஒடுக்கம், மடிப்பாத் திரண்டால் அகலம் கூட.

காலின்ர உயரத்தையும் பாருங்கோ, அதைப் பற்றிப் பெரிசா ஒருத்தரும் கதைக்கிறேல்லை. வெல்க்ரோப் பட்டி நுனியில மட்டும் பட்டும் படாமலும் ஒட்டுது எண்டால் மேற்கால் உயரம், ரெண்டு கிழமையில பட்டி திறந்து திறந்து விழும். பட்டியை முழுக்க இழுத்தும் இறுக்கம் வரேல்லை எண்டால் மெல்லிய கால், அதுக்கு லேஸ்தான் சரி. பெண்பிள்ளையளுக்கு விக்கிற, மேற்பக்கம் ஆழமா வெட்டின பட்டிச் சப்பாத்தில இது கூடுதல் பிரச்சினை. காலைப் பிடிக்க அந்த ஒரு பட்டிதான் இருக்கு, அது தளர்ந்தால் கால் முன்னுக்கு வழுக்கி விரல் முட்டும். பிறகு சின்னனாப் போச்சு எண்டு நினைச்சு இன்னும் பெரிசு வாங்குவினம்.

சப்பாத்து திருத்திறவர்:

அடியைத் திருப்பி ஒட்டியிருக்கிற சின்னப் படத்தைப் பாருங்கோ. மூண்டு வரிசை இருக்கும்: மேல்பக்கம், உள்பக்கம், அடி. விரிச்ச ஆட்டுத்தோல் மாதிரிப் படம் தோல். அதே படத்துக்குள்ள வைரக்கட்டம் இருந்தால் பூச்சுப் போட்ட தோல். தனி வைரக்கட்டம் எண்டால் வேற பொருள், கனக்க நேரம் பிளாஸ்ரிக். வலை மாதிரி எண்டால் துணி. அந்தப் பகுதியில 80 வீதம் இருக்கிற பொருளைத்தான் படம் காட்டும். அதால "லெதர்" எண்டு எழுதியிருந்தாலும் விரல் நுனியில இருக்கிற காப்புத்துண்டு வேறயா இருக்கலாம்.

விளையாட்டு மைதானத்தில உரசுற பிள்ளைக்குப் பூச்சுத்தோல் நல்லம், மழைக்கும் தாங்கும். ஆனா பூச்சு ஒருக்கா வெடிச்சால் பொலிஷ் உள்ளுக்க இறங்காது, மேல நிண்டு பூசின மாதிரித் தெரியும். மினுங்கிற பேற்றன்ற் வகை மடிப்பிலதான் முதல் வெடிக்கும். குந்தி இருந்து விளையாடுற பிள்ளைக்கு அதை வாங்காதேங்கோ.

கையில எடுத்து மடிச்சுப் பாருங்கோ. விரலடி மூட்டில மடியவேணும், நடுவில மடிஞ்சால் வாங்காமல் திருப்பி வைச்சிடுங்கோ. துணி பிழியிற மாதிரி முறுக்கினால் லேசாத்தான் திரும்பவேணும். குதிப்பக்கத்தை ரெண்டு விரலால நசுக்கிப் பாருங்கோ, விறைப்பா நிக்கவேணும். எங்கட வீடுகளில வாசலிலயே சப்பாத்தைக் கழட்டிப் போடுறது, பிறகு அவசரத்தில குதியை மிதிச்சுக்கொண்டே காலை விடுறது. மெல்லிய குதி எண்டால் கெதியில படுத்திடும். வாசலில ஒரு சப்பாத்துக் கரண்டி தொங்கவிட்டால் போதும்.

நனைஞ்சதை ரேடியேற்றரில வைக்காதேங்கோ. சூட்டில பசை விடும், தோல் காய்ஞ்சு வெடிக்கும். உள்ளுக்க பத்திரிகைக் கடதாசி திணிச்சு, கொஞ்ச நேரத்தில ஈரக் கடதாசியை மாத்தி, சாதாரண அறையில விடுங்கோ. வெல்க்ரோ பிடிக்கேல்லை எண்டால் பழுதில்லை, கொளுக்கிப் பக்கத்தில நூலும் மயிரும் அடைஞ்சிருக்கு. பல்லுச்சீப்பால அல்லது ஊசியால கிளறி எடுங்கோ, திரும்பப் பிடிக்கும்.

பள்ளி அலுவலகம்:

கறுப்பு எண்டால் காணும் எண்டு நினைச்சு வாங்கிற சப்பாத்தில கனக்கத் திரும்பிப் போகுது. வழமையா மறுக்கிறது: வெள்ளை அடி, வெள்ளைத் தையல், பக்கத்தில பிராண்ட் அடையாளம், கணுக்காலுக்கு மேல வாறது, கறுப்புத் தோலில செய்த ட்ரெயினர்ஸ். கடையில "பள்ளிக்கூடத்துக்கு" எண்ட பலகைக்குக் கீழ இருந்தாலும் உங்கட பள்ளிக்கூடம் ஏற்கும் எண்டில்லை. யூனிஃபோம் விதி பள்ளியின்ர இணையத்தளத்தில இருக்கும், சந்தேகம் எண்டால் படம் எடுத்து அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கோ. இங்கிலாந்தில 2021 நொவெம்பரில அரசாங்கம் வெளியிட்ட வழிகாட்டல், பெற்றோரின்ர செலவைக் குறைவா வைச்சிருக்கச் சொல்லி பள்ளிக்கூடங்களுக்குச் சொல்லுது. குறிப்பிட்ட பிராண்டில சப்பாத்து வாங்கு எண்டு நெருக்கினால் அதைக் காட்டிக் கேக்கலாம்.

குரொய்டன் வாசி:

விலை திடீரெண்டு ஏறுற இடமும் ஒண்டு இருக்கு. பிள்ளையளின்ர சப்பாத்துக்கு வற் வரி (விலையோட சேர்க்கிற விற்பனை வரி) இல்லை, ஆனா அது வயசைப் பார்த்து இல்லை, அளவைப் பார்த்து. 13½க்குப் பிறகு திரும்ப 1 இல தொடங்கிற வரிசையில ஆண்பிள்ளையளுக்கு 6½ வரைக்கும், பெண்பிள்ளையளுக்கு 5½ வரைக்கும், குதி உயரத்துக்கும் விதி இருக்கு. அதுக்கு மேல 20 வீதம். 12 வயசுப் பொடியனுக்குக் கால் 7 எண்டால் அதே டிசைன் பெரியாக்களின்ர விலைக்குப் போயிடும். கடைக்காரர் ஏமாத்தேல்லை, சட்டம் அப்பிடி.

ஹரோ அம்மா:

ஆறு கிழமையில அடி வாயைத் திறந்தால் கடை "பிள்ளை உதைச்சுது" எண்டு சொல்லுது. என்ன செய்யலாம்?

பள்ளி அலுவலகம்:

2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி முதல் 30 நாளுக்குள்ள பழுது எண்டால் முழுக் காசையும் கேக்கலாம். அதுக்குப் பிறகு ஆறு மாதம் வரைக்கும், விக்கேக்கயே அந்தப் பழுது இருந்தது எண்டுதான் எடுத்துக்கொள்ளவேணும். இல்லை எண்டு காட்டவேண்டியது கடை. அவை ஒருக்காத் திருத்தலாம் அல்லது மாத்தித் தரலாம், அதுவும் சரிவராட்டில் காசைத் திருப்பிக் கேக்கலாம். அளவு பிடிக்கேல்லை எண்டு திருப்பிக் குடுக்கிறது வேற விசயம். கடையில நேர வாங்கினதுக்கு அப்பிடிச் சட்ட உரிமை இல்லை, கடையின்ர விருப்பம். ஒன்லைன்ல வாங்கினால் கையில கிடைச்சு 14 நாளுக்குள்ள வேண்டாம் எண்டு சொல்லலாம்.

சப்பாத்து திருத்திறவர்:

ஒண்டு சேர்த்துக்கொள்ளுங்கோ: கடைக்குக் கொண்டு போக முதல் நீங்களே பசை போடாதேங்கோ. போட்டால் பழுது எங்க தொடங்கினது எண்டு பிறகு காட்டேலாது. உடன படம் எடுங்கோ, பற்றுச்சீட்டையும் படம் எடுத்து வையுங்கோ. அந்தச் சீட்டில இருக்கிற எழுத்து சில மாதத்தில மங்கிப்போகும்.

ஈஸ்ற்ஹாம்:

அப்ப எப்ப வாங்கிறது? ஜூலையில வாங்கினால் செப்ரெம்பருக்குள்ள கால் வளர்ந்திடும் எண்டு எல்லாரும் சொல்லீனம்.

முன்னாள் கடை ஊழியர்:

கணக்குப் பார்ப்பம். பள்ளிக்கூடம் போற வயசில கால் வருசத்துக்கு ஏறக்குறைய ஒரு அளவு வளரும், 8.5 மில்லிமீற்றர். மாதத்துக்கு 0.7. ஜூலைக் கடைசியில வாங்கினால் பள்ளிக்கூடம் திறக்க முதல் நீங்கள் இழக்கிறது ஒரு மில்லிமீற்றருக்குக் கிட்ட. ஓகஸ்ட் கடைசியில அகலம் கிடைக்காமல் அரை அளவு பெருப்பிச்சு வாங்கினால் பிழை 4 மில்லிமீற்றர். ஈ, எச் அகலக் கால்களுக்கு ஜூலைக் கடைசிதான் நல்லம். ஸ்கொட்லாந்தில ஓகஸ்ட் நடுப்பகுதியிலயே பள்ளிக்கூடம் திறக்கிறதால அங்க இன்னும் முந்தவேணும்.

ஆனா முதலே வாங்கினால் அந்த 30 நாள் பெட்டிக்குள்ள இருக்கேக்கயே ஓடிடும், ஆறு மாதக் கணக்கு மட்டும் மிஞ்சும். போடாத சப்பாத்தை எத்தினை நாள் வரைக்கும் மாத்தித் தருவினம் எண்டு வாங்கேக்கயே கேட்டு, பற்றுச்சீட்டில எழுதி வாங்குங்கோ. பெட்டியையும் உள்தாளையும் எறியாதேங்கோ. வீட்டில கம்பளத்தில மட்டும் நடக்க விடுங்கோ, அடியில ஒரு கீறல் விழுந்தாலும் எடுக்காயினம். ஓகஸ்ட் கடைசிக் கிழமை காலைத் திரும்ப அளந்து, ஜூலையில வெட்டின அதே மட்டைத் துண்டோட ஒப்பிட்டுப் பாருங்கோ. துண்டின்ர நுனிக்கும் விரலுக்கும் இடையில 10 மில்லிமீற்றருக்கு மேல இருந்தால் அந்தச் சப்பாத்தையே போடலாம். 6க்குக் கீழ வந்திட்டால் பெட்டியோட கொண்டுபோய் மாத்துங்கோ.