2003 மஸ்டா எம்எக்ஸ்-5: எம்.ஓ.ரி பாஸ், ஆனா மனம் ஒப்புதில்லை

வழிப்போக்கன் (ஹரோ):
வணக்கம் உறவுகளே. ஒரு கார் விசயமா உங்கட அனுபவம் வேணும். 2003 மஸ்டா எம்எக்ஸ்-5 (துணிக்கூரை போட்ட ரெண்டு சீற் கார்), 1.8 எஞ்சின், 81,000 மைல். 2,600 பவுண்ஸ் கேக்கினம். லண்டனுக்கு வந்த நாள் தொட்டு இந்தக் காரில எனக்கு ஒரு கண். போன மாதம் எம்.ஓ.ரி (இங்க வருசா வருசம் செய்யிற வாகனப் பாதுகாப்புச் சோதனை) பாஸ், ஒரு அட்வைசறிகூட (ஃபெயில் இல்லை, ஆனா கவனியுங்கோ எண்டு எழுதுற குறிப்பு) இல்லை எண்டு விக்கிறவர் அழுத்திச் சொல்லுறார்.

நம்பர் பிளேற்றை அரசாங்கத் தளத்தில போட்டுப் பழைய முடிவுகளையும் பார்த்தன். 2021இல இடது பக்கக் கதவடித் தகட்டில, பின்பக்கமா, கறள் எண்டு அட்வைசறி. 2022இல அதே இடத்தால ஃபெயில், மூண்டு நாளில பாஸ். 2023இல அடிப்பக்கம் அண்டர்சீல் (கறள் பிடியாம இருக்கப் போடுற பூச்சு) பூசியிருக்கு எண்டு ஒரு குறிப்பு. அதுக்குப் பிறகு ஒண்டுமே இல்லை. இதை நல்லது எண்டு எடுக்கிறதோ, பயப்பிடுறதோ? ஞாயிறு பாக்கப் போறன்.

பழைய ஸ்பானர்:
தம்பி, அந்த மூண்டு வருசத்தையும் ஒரே கதையா வாசியுங்கோ. கறள் கண்டது, வெல்டிங் நடந்தது, மேல கறுத்தத் தார் மாதிரி ஒண்டைப் பூசி மூடினது. சோதிக்கிறவர் அண்டர்சீல் பற்றி ஏன் எழுதினவர்? உள்ளுக்க என்ன இருக்கெண்டு தன்னால பாக்க முடியேல்லை எண்டதைத்தான் அப்பிடி எழுதுவினம். எம்.ஓ.ரியில ஒரு மூடியையும் கழட்டிப் பாக்க அவைக்கு அனுமதி இல்லை. கண்ணுக்குத் தெரியிறது மட்டும்தான். கிளச், கியர்பொக்ஸ், எஞ்சின்ர தேய்மானம் இதுகளும் அந்தச் சோதனைக்குள்ள வராது.

நான் இதே மொடலில 2001 கார் ஒண்டை ஆறு வருசம் வைச்சிருந்தனான். வேண்டேக்க என்னட்டையும் சுத்தமான எம்.ஓ.ரிதான் நீட்டினவை. வேண்டி ஏழாம் மாதம் பின் ரயருக்கு முன்னால ஒரு சின்னக் கொப்புளம் கண்டன். பெயின்றுக்கு அடியில காத்து நிண்ட மாதிரி, ஒரு பத்து சதக் காசு அளவு. ஸ்க்ரூ ட்ரைவர் நுனியால மெல்லத்தான் தொட்டன், பிடி வரைக்கும் உள்ளுக்குப் போயிட்டுது. இழுக்க அழுகின இலையும் ஈர மண்ணும் சேர்ந்து வந்தது, வாய்க்கால் சேறு மாதிரி மணம்.

காரணம் இதுதான். துணிக்கூரையில விழுற மழைத்தண்ணி சீற்றுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் இருக்கிற ஓட்டையால இறங்கி, பின் ரயருக்குக் கிட்ட வெளிய போகவேணும். அந்த ஓட்டை இலை குப்பையால அடைஞ்சால் தண்ணி கதவடித் தகட்டுக்குள்ள தேங்கும். இந்த நாட்டு றோட்டில மாரிக்குப் போடுற உப்பு வெளியால தின்னும், தேங்கின தண்ணி உள்ளால தின்னும்.

ஆனபடியால் ஒரு போத்தல் தண்ணி கொண்டு போங்கோ. கூரையைத் திறந்து, ஒவ்வொரு ஓட்டைக்குள்ளயும் ஒரு கோப்பை மெதுவா ஊத்திப்போட்டுக் குனிஞ்சு பாருங்கோ. உடன கீழ ஒழுகவேணும்.

இன்னொண்டு. 1998இல இருந்து 2005 வரை வந்த இரண்டாவது மொடலுக்கு முன்பக்க சேசிஸ் றெயிலும் (காரைத் தாங்குற இரும்புச் சட்டம்) உள்ளால உக்கும். கீழ பிளாஸ்ரிக் தட்டு மறைச்சிருக்கிறதால எம்.ஓ.ரியில தப்பிவிடும். ரோச் லைற் கொண்டு போங்கோ. ஏலுமெண்டால் ஒரு கராஜில உயர்த்திப் பாக்க விடுவாரோ எண்டு கேளுங்கோ. 2022 வெல்டிங் பில்லும் படங்களும் கட்டாயம் கேளுங்கோ. எஞ்சினுக்கு நான் பயப்பிடமாட்டன், நல்ல எஞ்சின். ரைமிங் பெல்ற் (எஞ்சின் வால்வுகளை நேரத்துக்கு இயக்குற பட்டி) எப்ப மாத்தினது எண்டு மட்டும் பில்லோட கேளுங்கோ.

மழைக்கோட்டு:
அண்ணை சொன்னது சரி. ஆனா எம்.ஓ.ரி வரலாற்றை ஒரேயடியா ஒதுக்காதேங்கோ. 2005இல இருந்து ஒவ்வொரு சோதனைக்கும் மைல் பதிஞ்சிருக்கும், மீற்றரைத் திருப்பினால் அதில பிடிபடும். 2018 மே மாதத்துக்குப் பிறகு பிழைகளை ஆபத்தானது, பெரியது, சிறியது எண்டும் பிரிச்சு எழுதுறவை. வருசத்துக்கு 300 மைல் மட்டும் ஓடின காலம் இருந்தால் எங்க நிண்டது எண்டு கேளுங்கோ. கராஜுக்குள்ளயோ, மரத்துக்குக் கீழயோ?

நான் எண்டால், நான் தெரிவு செய்யிற இடத்தில புதுசா ஒரு எம்.ஓ.ரி செய்ய விடுவீங்களோ, காசு நானே தாறன் எண்டு விக்கிறவரிட்டக் கேப்பன். காருக்குக் கூடினது 54.85 பவுண்ஸ்தான்.

ஹரோ அக்கா:
தம்பி, நீங்களும் லண்டன் ஹரோ எண்டபடியால் யூலெஸ்ஸை (புகை கூடின வாகனத்துக்குக் காசு அறவிடுற வலயம்) மறக்காதேங்கோ. 2023 ஆகஸ்ட் 29இல இருந்து லண்டன் முழுக்க அதுக்குள்ள வந்திட்டுது, பொருந்தாத காருக்கு நாளுக்கு 12.50 பவுண்ஸ். 2003 வருசக் கார்கள் சிலது தப்பும், சிலது தப்பாது, நம்பரைப் போட்டுத்தான் பாக்கவேணும். என்னட்டை 2007 மூண்டாவது மொடல் இருக்கு, பெல்ற்றுக்குப் பதிலாச் செயின். இன்னும் கொஞ்சக் காசு சேர்த்து அதையும் ஒருக்கா யோசியுங்கோ.

வழிப்போக்கன் (ஹரோ):
எல்லாருக்கும் நன்றி. போய்ப் பாத்திட்டு வந்திட்டன். யூலெஸ் பிரச்சினை இல்லை. ஓட்டிப் பாத்தன், கியர் மாறுற விதம் இன்னும் கைக்குள்ளயே நிக்குது. எஞ்சின் மணி மாதிரி.

வலது பக்கம் ஊத்தின தண்ணி உடன கீழ வந்தது. இடது பக்கம் ஒரு சொட்டும் வரேல்லை. ஓட்டை வாய் வரைக்கும் தண்ணி நிரம்பி அப்பிடியே நிண்டது. சீற்றுக்குப் பின்னால கார்ப்பெற்றை அமத்தினன், விரல் ஈரமாப் போச்சு. வெல்டிங் பில் இல்லையாம். புது எம்.ஓ.ரிக்கு நான் காசு தாறன் எண்டதுக்கும் ஓம் எண்டு சொல்லேல்லை.

விட்டிட்டு வந்திட்டன், மனம் நல்லாக் கஷ்டப்பட்டுது. கென்ரில 2008 ஒண்டு நிக்குது. பிறேக் பைப்பில லேசாக் கறள், பின் ரயர் ரெண்டும் தேய்வு எண்டு போன வருசம் அட்வைசறி, இந்த வருசம் ரெண்டுமே இல்லை. மாத்தினதுக்குப் பில் இருக்காம். அக்கா, மூண்டாவது மொடலுக்கும் இந்தத் தண்ணி ஓட்டை அதே இடத்திலயோ?