சிறிய அச்சகத்துக்கு ஆன்லைன் பேக்கப்: எதைத் தேர்ந்தெடுப்பது?

அச்சுமை, ரெயின்போ நகர், புதுச்சேரி

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு சிறிய ஆப்செட் அச்சகம் நடத்தி வருகிறேன். திருமண அழைப்பிதழ், கும்பாபிஷேகப் பத்திரிகை, பில் புத்தகம், பள்ளி ஆண்டு மலர் இவைதான் எங்கள் வேலை. மூன்று கணினிகள் இருக்கின்றன. கோரல்டிராவிலும் போட்டோஷாப்பிலும் செய்த வடிவமைப்புக் கோப்புகள் சுமார் 700 ஜிபி. டேலி கணக்கு 2 ஜிபிகூட வராது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியபோது, தெருவில் முழங்கால் அளவு நின்ற தண்ணீர் விடிவதற்குள் அச்சகத்துக்குள்ளும் வந்துவிட்டது. பேக்கப் எடுக்கும் பழக்கம் எனக்கு இல்லாமல் இல்லை. சனிக்கிழமைதோறும் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்துவிட்டு, அதைக் கணினி மேசையின் கீழ்த்தட்டிலேயே வைப்பேன். கணினியும் நகலும் ஒரே தண்ணீரில் நனைந்தன. டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொடுத்ததில் பாதிக்குமேல் திரும்பக் கிடைத்தது. ஆனால் பல கோப்புகளுக்குப் பெயரே இல்லை, வெறும் எண்கள்தான். எந்த எண் எந்த வீட்டுக் கல்யாணம் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தே இரண்டு மாதம் போனது.

இனி ஆன்லைனில் ஒரு நகல் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். விற்பனைக்கு வந்த ஒருவர் "அன்லிமிடெட்" என்று ஆண்டுக் கட்டணம் சொல்கிறார். என் அக்கா மகனோ கூகுள் டிரைவே போதும், வீண் செலவு வேண்டாம் என்கிறான். சர்வர் இந்தியாவில்தான் இருக்க வேண்டுமா என்ற சந்தேகமும் உண்டு. அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

வடம், லாஸ்பேட்டை

ஐயா, எந்த நிறுவனம் என்று கேட்பதற்கு முன்பு, அச்சகம் நாளைக் காலை மீண்டும் இயங்க எந்தக் கோப்புகள் முதலில் வேண்டும், அவை எத்தனை மணி நேரத்துக்குள் கைக்கு வர வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் 700 ஜிபியும் ஒரே தரம் அல்ல. டேலியும் கையில் உள்ள ஆர்டர்களும் அன்றே வேண்டும். 2016இல் அடித்த ஆண்டு மலர் ஒரு வாரம் கழித்து வந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை.

அடுத்து உங்கள் இணைப்பின் அப்லோடு வேகத்தை அளந்து பாருங்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் டவுன்லோடு வேகம். அப்லோடு 20 எம்பிபிஎஸ் (நொடிக்கு 20 மெகாபிட்) என்று வைத்துக்கொண்டால், 700 ஜிபி ஏறி முடிக்க இடைவிடாமல் ஏறத்தாழ 78 மணி நேரம் ஆகும். பகலில் வேலை கெடாமல் இரவு 10 முதல் காலை 8 வரை மட்டும் ஓடவிட்டால் எட்டு இரவுகள். இதுவும் லைன் ஒரே சீராக இருந்தால்தான். ஆனால் இந்தப் பாடு முதல் தடவை மட்டுமே. பிறகு மாறிய கோப்புகள் மட்டும் ஏறும் என்பதால், தினம் 2 ஜிபி மாறினாலும் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆகவே கடந்த இரண்டு ஆண்டுக் கோப்புகளையும் டேலியையும் முதலில் ஏற்றிவிட்டு, பழையவற்றைப் பின்னால் மெல்ல அனுப்புங்கள்.

உங்கள் அக்கா மகன் சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் போன்றவற்றின் அடிப்படை வேலை ஒத்திசைவு. கடையில் ஒரு ஃபோல்டர் தவறி அழிந்தால், அங்கும் அது அழிந்து குப்பைத் தொட்டிக்குப் போகும். கூகுள் டிரைவில் அந்தத் தொட்டி 30 நாளில் காலியாகிவிடும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கினாலும் இதே கதைதான். 2017 மே மாதம் வானாகிரை பரவியபோது கோப்புகள் பூட்டப்பட்டனவே, அப்படிப் பூட்டிய கோப்பையும் ஒத்திசைவு மென்பொருள் "புதிய மாற்றம்" என்று எண்ணி உடனே மேலே ஏற்றிவிடும். பேக்கப் சேவை என்றால் ஒவ்வொரு கோப்பின் பழைய பதிப்புகளையும் நாள்வாரியாக வைத்திருக்க வேண்டும். உங்கள் தொழிலுக்கு ஓர் ஆண்டாவது வேண்டும் என்பது என் கருத்து. ஆவணியில் கல்யாணப் பத்திரிகை அடித்த வீட்டார் மறு வருடம் வளைகாப்புக்கு அதே பார்டர், அதே பிள்ளையார் என்று கேட்டு வருவார்கள் அல்லவா?

"அன்லிமிடெட்" என்ற சொல்லைக் கேட்டதும் விதிமுறைகளைப் படித்துவிடுங்கள். இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் ஒரு கணினிக்கு இவ்வளவு என்ற கணக்கில் வருகின்றன. உங்களுக்கு மூன்று இருக்கின்றன. நெட்வொர்க்கில் பகிர்ந்த டிஸ்கைச் சில திட்டங்கள் சேர்ப்பதில்லை. எக்ஸ்டர்னல் டிஸ்கை 30 நாளுக்கு மேல் இணைக்காவிட்டால் அதன் ஆன்லைன் நகலையே நீக்கிவிடும் விதியும் சில இடங்களில் உண்டு. மலிவாகத் தெரியும் ஆர்க்கைவ் வகைச் சேமிப்பிலும், அதாவது அரிதாகவே எடுக்கும் கோப்புகளுக்கான சேமிப்பிலும், கவனம் வேண்டும். அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவில் போட்ட கோப்பைத் திரும்பக் கேட்டால் கைக்கு வர 12 மணி நேரம் வரை ஆகும், குறைந்த செலவு வழியைத் தேர்ந்தால் 48 மணி நேரம் வரை. 180 நாளுக்குள் அழித்தாலும் அத்தனை நாளுக்கும் காசு கட்ட வேண்டும். பழைய ஆண்டு மலர்களுக்கு அது சரி, டேலிக்குச் சரிவராது.

ஆன்லைன் நகல் வந்துவிட்டது என்று ஹார்டு டிஸ்கை விட்டுவிடாதீர்கள். அசல் ஒன்று, வேறு சாதனத்தில் ஒன்று, வேறு ஊரில் ஒன்று என்று மூன்று இருக்கட்டும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூரில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள். உங்கள் மேசையின் கீழ்த்தட்டும் அதே கதைதான். நகல் எடுத்து முடித்ததும் டிஸ்கைக் கழற்றி வீட்டுக்கு, அதுவும் மாடிக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

பேரேடு, மஞ்சக்குப்பம், கடலூர்

வரி, கணக்குப் பக்கத்தை மட்டும் நான் சொல்கிறேன். ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, ஒரு நிதியாண்டின் கணக்குகளை அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். 2023-24 ஆண்டுக்கு அந்தத் தேதி 2024 டிசம்பர் 31. எனவே 2030 டிசம்பர் 31 வரை அந்தக் கணக்கு உங்கள் கையில் இருந்தாக வேண்டும். ஆதலால் பழைய பதிப்புகளைத் தானாக அழிக்கும் அமைப்பை மட்டும் நம்பி டேலியை விட்டுவிடாமல், மார்ச் 31 முடிந்ததும் ஆண்டு இறுதி நகல் ஒன்றைத் தனியாக எடுத்து வையுங்கள்.

சர்வர் இந்தியாவில் இருக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். கம்பெனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவான நிறுவனங்கள் கணக்குப் புத்தகங்களின் பேக்கப்பை நாள்தோறும் இந்தியாவிலுள்ள சர்வரில் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. உங்களுடையது ஒருவரே உரிமையாளரான புரொப்ரைட்டர்ஷிப் என்றால் அந்த விதி உங்களைக் கட்டாது. பிரைவேட் லிமிடெட் என்றால் கட்டும். வெளிநாட்டு நிறுவனம் நேரடியாக டாலரில் பில் போட்டால், ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் என்ற முறையில் 18 சதவீத வரியை ரிவர்ஸ் சார்ஜ் வழியில் நீங்களே கட்டி, பிறகு உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ள வேண்டும். விலையை ஒப்பிடும்போது பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

வேறொன்றும் சொல்ல வேண்டும். என்னிடம் கணக்கு பார்க்கும் ஒரு கடையில், பேக்கப் கணக்கை வேலைக்கு இருந்த பையனின் சொந்த மின்னஞ்சலில் திறந்திருந்தார்கள். அவன் வெளியூருக்கு வேலைக்குப் போய், எண்ணையும் மாற்றிவிட்டான். மாதக் கட்டணம் முதலாளியின் கார்டிலிருந்து ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது; உள்ளே நுழையத்தான் யாருக்கும் வழியில்லை. கணக்கு உரிமையாளர் பெயரில், உரிமையாளர் கைப்பேசியின் இரட்டைச் சரிபார்ப்போடு இருக்கட்டும்.

ஆணிப்பெட்டி, நெல்லிக்குப்பம்

எல்லாருக்கும் இவ்வளவு தேவையா என்று எனக்குத் தோன்றுகிறது. நான் வைத்திருப்பது ஹார்டுவேர் கடை. என் டேலியும் பில்களும் சேர்ந்து 3 ஜிபி. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியிலேயே அடங்கிவிடுகின்றன. கடை மூடும்போது டேலிக்குள்ளேயே பேக்கப் எடுத்து, அன்றைய தேதி போட்ட ஃபோல்டராக டிரைவில் ஏற்றுகிறேன். பழையதை மேலெழுதுவதில்லை. இரண்டு வருடமாகத் தொல்லை இல்லை.

வடம், லாஸ்பேட்டை

அண்ணா, தேதி போட்டுத் தனித்தனியாக ஏற்றுவதால் நீங்கள் செய்வது ஒத்திசைவு அல்ல, பேக்கப்தான். உங்கள் அளவுக்கு அது போதும். டேலி திறந்திருக்கும்போது அதன் டேட்டா ஃபோல்டரை அப்படியே நகலெடுக்காமல் உள்ளேயே பேக்கப் எடுப்பதும் சரியான முறை. ஆனால் கையால் செய்யும் வேலை, கடையில் கூட்டம் மிகுந்த நாளிலும் காய்ச்சல் நாளிலும் விட்டுப்போகும். அச்சகத்தின் 700 ஜிபிக்கு அது தாங்காது.

அச்சகத்து ஐயாவுக்கு இன்னொரு வேண்டுகோள். பணம் கட்டும் முன் இலவசச் சோதனைக் காலத்தில் பத்துக் கோப்புகளை ஏற்றி, இதுவரை பயன்படுத்தாத வேறொரு கணினியில் இறக்கித் திறந்து பாருங்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக டேட்டாபேஸை அழித்தபோது, அவர்களிடம் இருந்த ஐந்து பேக்கப் முறைகளில் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறு வேலைக்காகத் தற்செயலாக எடுத்த நகல்தான் காப்பாற்றியது. நகலைப் பூட்டும் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளும் வசதியைத் தேர்ந்தெடுத்தால், அந்தச் சாவியைத் தாளில் எழுதி வீட்டுப் பீரோவில் வையுங்கள். தொலைத்தால் அந்த நிறுவனமே நினைத்தாலும் திறக்க முடியாது.

அச்சுமை, ரெயின்போ நகர், புதுச்சேரி

அனைவருக்கும் நன்றி. வடம் அவர்கள் சொன்னபடி சோதனை செய்து பார்த்தேன். அப்லோடு வேகம் 18 எம்பிபிஎஸ் வந்தது. பத்துக் கோப்புகளை ஏற்றி, என் மைத்துனர் வீட்டுக் கணினியில் இறக்கினேன். பத்தும் பழுதில்லாமல் வந்தன. ஆனால் ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கோரல்டிராவில் திறந்தால், மேலே மஞ்சள் பிள்ளையார் இருக்கிறார், பார்டர் இருக்கிறது, "ஸ்ரீ விநாயகர் துணை" இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியுமாகக் குழம்பிக் கிடக்கிறது. நாங்கள் இன்னும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில்தான் வேலை செய்கிறோம். அந்த எழுத்துருக்கள் அந்தக் கணினியில் இல்லை. கோப்பை மட்டும் காப்பாற்றி, எழுத்துருவை விட்டிருந்தேன். எழுத்துரு மென்பொருளின் டாங்கிளும் (அதைச் செருகினால்தான் மென்பொருள் இயங்கும்) அச்சகக் கணினியின் பின்னால்தான், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் செருகியிருக்கிறது.

எழுத்துரு ஃபோல்டரையும் பேக்கப் பட்டியலில் சேர்த்துவிட்டேன். விற்பனைக்கு வந்தவரிடம் மூன்று கணினிக்கு என்ன கட்டணம், பழைய பதிப்பு எத்தனை நாள் இருக்கும், பில் எந்த நாட்டிலிருந்து வரும் என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. இதற்கிடையில் ஒரு கேள்வி: டாங்கிள் கெட்டுப்போனால் மாற்று வாங்க அந்தப் பழைய பில் தேவைப்படுமா? அந்தப் பில்லும் தண்ணீரோடு போய்விட்டது.