மறு: சிறார் நீதியில் ‘டைவர்ஷன்’ – ‘மடைமாற்று’ என்று முன்மொழிகிறேன்

குழும உறவுகளுக்கு வணக்கம்.

‘டைவர்ஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன போடுவது என்று நடக்கும் இந்த இழையை முதல் மடலில் இருந்தே வாசித்து வருகிறேன். இதுவரை வாய் திறக்கவில்லை. இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் என் மேசையில் சிறார் நீதி பற்றிய பயிற்சிக் கைநூல் ஒன்று மொழிபெயர்ப்புக்கு வந்து கிடக்கிறது. பல நாடுகளின் முறைகளை ஒப்பிடும் நூல். பக்கத்துக்கு இரண்டு தடவையாவது ‘டைவர்ஷன்’ வருகிறது. நான் மட்டக்களப்பில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருப்பவன். பிழையான சொல்லைப் போட்டால் அது நீதிமன்ற விறாந்தை வரைக்கும் போகும்.

முதலில் பொருளைப் பிடித்துக்கொள்வோம். குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் பிள்ளையின் விடயத்தை வழமையான நீதிமன்ற நடைமுறையில் இருந்து எடுத்து வேறு வழியில் கையாளுவதுதான் டைவர்ஷன். இது நடவடிக்கை தொடங்குவதற்கு முன்னும் நடக்கலாம், நடந்துகொண்டிருக்கும்போதும் நடக்கலாம் என்று ஐ.நா. சிறுவர் உரிமைக் குழுவின் 24ஆம் பொதுக் கருத்துரை (2019) சொல்கிறது. ‘முன்னும், நடுவிலும்’ என்ற இந்த இடத்திலேயே பாதிச் சொற்கள் தோற்றுப்போகின்றன.

> ‘நீதிமன்றத் தவிர்ப்பு’ என்று நேராகச் சொன்னால் என்ன? எல்லோருக்கும் விளங்கும்.

விளங்கும், ஆனால் பிழையாக விளங்கும். ஜேர்மனியில் 14 வயது நிரம்பிய பிள்ளையின் வழக்கை, சிறார் நீதிமன்றச் சட்டத்தின் 45ஆம் பிரிவின் கீழ் வழக்குத்தொடுநர் கைவிடலாம். அங்கே ‘தவிர்ப்பு’ பொருந்தும். அதே சட்டத்தின் 47ஆம் பிரிவில் நீதிபதியே வழக்கை இடையில் நிறுத்தலாம். பிள்ளை ஏற்கெனவே மன்றுக்கு வந்துவிட்டது, எதைத் தவிர்த்தோம்? ஜப்பானில் இன்னும் சிக்கல். அங்கே சந்தேகத்துக்கு இடமுள்ள சிறார் விடயம் எதுவானாலும் குடும்ப நீதிமன்றத்துக்கு அனுப்பியே ஆகவேண்டும். பொலிசாருக்கோ வழக்குத்தொடுநருக்கோ தம் பாட்டில் கைவிடும் உரிமை இல்லை. குடும்ப நீதிமன்றத்தின் புலனாய்வு அலுவலர் வீடு, பாடசாலை எல்லாம் விசாரித்து அறிக்கை கொடுப்பார்; பெருந்தொகையானவை விசாரணை அமர்வு இல்லாமலே முடிந்துவிடும். நீதிமன்றமே அந்த மாற்றுவழியின் வாசல். அங்கே போய் ‘நீதிமன்றத் தவிர்ப்பு’ என்று எழுத முடியாது.

ஜப்பானியர் வைத்திருக்கும் ஒரு சொல்லையும் சொல்ல வேண்டும். பாரிய குற்றமானால் குடும்ப நீதிமன்றம் அந்த இளையவரை வயது வந்தவரைப் போல வழக்குத் தொடரும்படி வழக்குத்தொடுநரிடமே திருப்பி அனுப்பும். அதற்குப் பெயர் ‘கியாக்குசோ’, ‘மறுதிசை அனுப்புகை’ என்று பொருள். சிறார் வழி இயல்பான ஓட்டம், தண்டனை வழி எதிர் ஓட்டம் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு கலைச்சொல் இப்படித்தான் வேலை செய்ய வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

> ‘திசைதிருப்பல்’ அகராதியிலேயே இருக்கிறதே. ஏன் புதிதாக உருவாக்க வேண்டும்?

நானும் முதல் வரைவில் அதைத்தான் போட்டிருந்தேன். போன மாதம் சட்டத்தரணி ஒருவரைக் காண நீதிமன்றப் பக்கம் போயிருந்தபோது, படுவான்கரையில் இருந்து வந்த ஒரு அக்கா விறாந்தையில் நின்றிருந்தா. 13 வயது மகன், இரண்டு கூட்டாளிகளோடு வயல்வாடியில் இருந்த தண்ணி மெசினைக் கழற்றி விற்றதாக முறைப்பாடு. கையில் இருந்த கடதாசியைப் பார்த்து, “இது என்ன தம்பி?” என்று கேட்டா. சிறுவர் விடயம்தான் எழுதுகிறேன் என்று சொல்லி, என் வரைவில் இருந்து ஒரு வரியை வாசித்துக் காட்டினேன்: “திசைதிருப்பல் நடவடிக்கைக்கு உட்படுத்தப்படும் சிறுவர்…” முகம் மாறிவிட்டது. “திசை மாறிப்போன புள்ள எண்டோ எழுதியிருக்கிறீங்க?” என்றா.

அவ கேட்டதில் பிழையில்லை. எங்கள் வழக்கில் திசைமாறிப் போனவன் என்றால் கெட்டுப்போனவன். திசைதிருப்புவது என்றால் உண்மையை மறைக்க வேறு கதை கதைப்பது. “விசாரணையைத் திசைதிருப்ப முயற்சி” என்று பத்திரிகையில் கிழமைக்கு ஒருமுறை வருகிறது. அந்தச் சொல்லை அன்றே வெட்டிவிட்டேன்.

பிறகு அந்த அக்காவுக்கு வாயால் விளங்கப்படுத்த வேண்டி வந்தது. எனக்கும் வயல்காரத் தகப்பன். “இஞ்சால வக்கடையக் கட்டிப்போட்டு அங்கால வெட்டி விடுறம்தானே அக்கா, அப்பிடித்தான்” என்றேன். வக்கடை என்பது வரம்பில் தண்ணி பாய வெட்டும் வழி. உடனே பிடிபட்டது. பிடிபட்ட கையோடு கேட்டா: “வெட்டி விடுற பக்கம் வயல் இருக்கோ தம்பி?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. கைநூலில் இருந்த எத்தனையோ பக்க ஒப்பீடும் சுற்றிச் சுற்றி இதைத்தான் கேட்கிறது. பிள்ளையை எதில் இருந்து விலக்குகிறோம் என்று எல்லா நாடும் ஒரே மாதிரிச் சொல்லும். எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம் என்பதில்தான் நாட்டுக்கு நாடு வேறுபாடு.

நியூசிலாந்தில் 1989ஆம் ஆண்டுச் சட்டம் குடும்பக் கூட்டத்தை நடுவில் வைத்தது. பிள்ளை, பெற்றோர், பெரியப்பா சின்னம்மா என்று சுற்றத்தார், பாதிக்கப்பட்டவர், பொலிஸ், கூட்டத்தை நடத்தும் இணைப்பாளர் எல்லோரும் ஒரே இடத்தில் இருந்து என்ன செய்வது என்று திட்டம் போடுவார்கள். அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் உறவுமுறை வாழ்க்கையில் இருந்து வந்த சிந்தனை அது. ஸ்கொட்லாந்தில் 1964இன் கில்பிராண்டன் அறிக்கை, குற்றம் செய்த பிள்ளைக்கும் கவனிப்பாரற்ற பிள்ளைக்கும் தேவை அடிப்படையில் ஒன்றுதான் என்றது. அதன் வழியே 1971இல் இருந்து ஊரவர் மூவர் இருக்கும் சிறுவர் விசாரணை அமர்வு நடக்கிறது. அந்த மூவரும் நீதிபதிகள் அல்ல, தொண்டர்கள். இரண்டு நாட்டிலும் வெட்டிவிட்ட பக்கம் வயல் இருக்கிறது.

குடும்பக் கூட்டம் பற்றி வாசிக்கும்போது எங்கள் ஊர்க்காரருக்குக் குடிவழி (தாய்வழிக் குல முறை) ஞாபகம் வரும். கோயிலில் வண்ணக்கரும் பள்ளிவாசலில் மரைக்காயரும் குடிக்கு ஒருவராக இருந்து பிணக்குத் தீர்த்த மண் இது. ஆனாலும் அதைப் பழம்பெருமையாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சபைகளில் பிள்ளையின் வாயை யாரும் கேட்டதில்லை. பொம்பிளைப் பிள்ளை என்றால் குடும்ப மானம்தான் பேசப்பட்டது. நியூசிலாந்துக் கூட்டத்தில் பிள்ளைக்குச் சட்டப்படி இடம் உண்டு. ஆகவே ‘ஊர்ச்சபை’ என்ற சொல்லை அதற்குப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘குடும்பக் கூட்டம்’ போதும்.

> ‘நல்வழிப்படுத்தல்’ – அழகான, நேர்மறையான சொல். பெற்றோரும் ஏற்பார்கள்.

அக்கரைப்பற்றுத் தங்கச்சிக்கு: அழகுதான், அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அமெரிக்காவில் 1899இல் சிக்காகோவில் முதல் சிறார் நீதிமன்றம் தொடங்கியபோது எல்லாச் சொல்லும் இப்படி இனிப்பாகத்தான் இருந்தது. தண்டனை இல்லை, திருத்தம். சிறை இல்லை, தொழிற்பாடசாலை. 1964இல் அரிசோனாவில் 15 வயதுப் பொடியன் ஜெரால்ட் கோல்ட், அயல்வீட்டுப் பெண்ணுக்குத் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசியதாகப் பிடிக்கப்பட்டான். சட்டத்தரணி இல்லை, முறைப்பாடு செய்தவர் மன்றுக்கு வரவும் இல்லை. 21 வயது வரை தொழிற்பாடசாலை என்று தீர்ப்பு. அதே குற்றத்தை வயது வந்தவர் செய்திருந்தால் ஆகக்கூடியது 50 டொலர் குற்றப்பணம் அல்லது 2 மாதச் சிறை. 1967இல் அமெரிக்காவின் அதியுயர் நீதிமன்றம் அதைத் தள்ளி, பிள்ளைக்கும் சட்டத்தரணி உரிமை உண்டு என்று சொன்னது. ஆறு வருட அடைப்பை ‘நல்வழி’ என்ற சொல் மூடிவிடும். அதோடு, நல்வழிப்படுத்தல் என்றவுடனே பிள்ளை கெட்டவழியில் நின்றது என்று முடிவாகிவிடுகிறது. பிள்ளை தானாக, வற்புறுத்தல் இல்லாமல் பொறுப்பை ஏற்று, சம்மதித்தால்தான் டைவர்ஷனே.

‘ஆற்றுப்படுத்தல்’ என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். சங்க காலத்துச் சொல், வழிகாட்டி அனுப்புவது என்ற பொருளும் உண்டு. மனம் அதில்தான் நின்றது. ஆனால் சுனாமிக்கும் போருக்கும் பிறகு எங்கள் பக்கம் உளவளத்துறையில் அந்தச் சொல் ஊன்றிவிட்டது. ஆற்றுப்படுத்துநர் என்றால் மனம்விட்டுப் பேச இருக்கும் ஆள். டைவர்ஷன் திட்டத்துக்குள்ளேயே அவரும் ஒருவராக வருவார். ஒரே பக்கத்தில் இரண்டு பொருளில் ஒரு சொல் வேண்டாம்.

ஆகவே ‘மடைமாற்று’. வக்கடை என்றே வைக்கத்தான் ஆசை. ஆனால் மட்டக்களப்பு, அம்பாறை தாண்டினால் விளக்கம் எழுத வேண்டிவரும். மடை தமிழ் பேசும் எங்கும் உண்டு. உன்னிச்சைக் குளத்துத் துருசு (மதகு) திறந்தால் தண்ணி வாய்க்கால் வழியே வரும். தலைமடையிலும் மாற்றலாம், கடைமடையிலும் மாற்றலாம், நடுவிலும் மாற்றலாம். ‘முன்னும், நடுவிலும்’ என்ற நிபந்தனை அங்கே தானாக நிறைவேறுகிறது. யாரையும் கெட்டவன் என்று சொல்லவில்லை. மாற்றிய தண்ணி எங்கே போகிறது என்ற கேள்வியும் சொல்லோடு கூடவே வருகிறது.

> சென்னையில் ‘நிதி மடைமாற்றம்’ என்றால் ஊழல். சிறார் சட்டத்தில் இந்தச் சொல் வந்தால் சந்தேகமாக வாசிப்பார்கள்.

இது பலமான மறுப்பு. இரண்டு நாள் யோசித்தேன். நிதி விடயத்தில் குற்றம், ஒருவர் வயலுக்குரிய தண்ணியை இன்னொருவர் தன் வயலுக்கு வெட்டியதில் இருக்கிறது. மடை மாற்றுவது தன்னளவில் வேளாண்மை வேலை. இருந்தும் வாசகர் மனத்தில் பதிந்ததை அழிக்க முடியாது. அதனால்தான் ‘மாற்றம்’ வேண்டாம், ‘மாற்று’ என்று வைக்கிறேன். ‘மாற்றுவழி’, ‘மாற்றுச்சாவி’ போல, பதிலுக்கு ஒன்று இருக்கிறது என்ற ஒலி அதில் உண்டு.

‘ஜுவனைல் ஜஸ்டிஸ்’ என்ற தலைப்புச் சொல் பற்றியும் சுருக்கமாக. தமிழ்நாட்டில் ‘இளைஞர் நீதிக் குழுமம்’ என்கிறார்கள். இங்கே இளைஞர் கழகத்தில் 25 வயதைக் கடந்தவர்களும் உறுப்பினர், குழப்பம் வரும். ‘சிறுவர்’ எங்கள் அரசாங்கச் சொல், ஆனால் ஒருமையில் ‘சிறுவன்’ என்று ஆணாகிவிடுகிறது. ‘சிறார் நீதி’ என்பதற்கு என் வாக்கு. ஐ.நா. குழுவும் 2007இல் ‘ஜுவனைல் ஜஸ்டிஸ்’ என்று தலைப்பிட்டு, 2019இல் ‘சைல்ட் ஜஸ்டிஸ்’ என்று மாற்றியது. ‘இளங்குற்றவாளி’ எந்த வடிவிலும் வேண்டாம். தீர்ப்புக்கு முன்னமே தீர்த்துவிடுகிற சொல் அது.

குற்றப் பொறுப்பு தொடங்கும் வயதைச் சொல்லாமல் விட்டால் ஒப்பீடு முடியாது. எங்கள் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் 8 வயதைத்தான் எல்லையாக வைத்தது. 2018இல்தான் அது 12 ஆனது. 12இற்கும் 14இற்கும் இடையில் பிள்ளைக்கு விளக்க முதிர்ச்சி இருந்ததா என்று நீதவான் பார்க்க வேண்டும். ஸ்கொட்லாந்தும் 8இல் இருந்து 12இற்கு வந்திருக்கிறது. இங்கிலாந்து இன்னும் 10. நோர்வே, சுவீடன் நீண்டகாலம் 15. இந்தியாவின் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் 16 முதல் 18 வரையானவரை, கொடுங்குற்றமானால், பூர்வாங்க மதிப்பீட்டுக்குப் பின் வயது வந்தவராக விசாரிக்கலாம். அந்த அக்காவின் மகனுக்கு 13. மேலே சொன்ன நாடுகளில் பிறந்த இடத்தைப் பொறுத்து அவன் ஒரு இடத்தில் குற்றம் சாட்டப்பட முடியாதவன், இன்னொரு இடத்தில் மூன்று வருடமாகவே குற்றம் சாட்டப்படக் கூடியவன்.

கடைசியாக, சொல்லின் பயன்பாடு பற்றி ஒரு கேள்வி. ஆங்கிலத்தில் பிள்ளையைத்தான் ‘டைவர்ட்’ பண்ணுகிறார்கள். “சிறார் மடைமாற்றப்பட்டார்” என்று எழுதிப் பார்த்தேன். எனக்கு ஒப்பவில்லை, பிள்ளை ஓடுகிற தண்ணி இல்லை. “வழக்கு மடைமாற்றப்பட்டது” என்று எழுதினால் பிள்ளை வீட்டில் நிற்கிறது, வழக்குத்தான் நகர்கிறது. ஆனால் பொலிஸ் நிலையத்திலேயே முடியும்போது வழக்கு என்று ஒன்று இன்னும் பிறக்கவில்லையே. அந்த இடத்தில் “முறைப்பாடு மடைமாற்றப்பட்டது” என்று எழுதலாமா, அல்லது இரண்டுக்கும் பொதுவாக “விடயம்” என்று வைப்பதா? யாழ்ப்பாணத்து அண்ணர் நீதிமன்றத் தமிழில் பழகினவர், அவர் ஒரு சொல் சொன்னால் நல்லது. கைநூல் மாசிக்குள் அச்சுக்குப் போகிறது.

அன்புடன்,
மட்டக்களப்பில் இருந்து