கைகர் கவுண்டர் எண்ண மாட்டேன் என்கிறது: ட்யூபா, வோல்டேஜா?

வணக்கம். சுங்கை சிப்புட்டில் படிவம் 5 பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். கதிரியக்கப் பாடத்துக்காக ஆன்லைனில் கதிர்வீச்சை எண்ணிக் காட்டும் பழைய கைகர் கவுண்டர் ஒன்று வாங்கினேன். உள்ளே கதிரை உணரும் ஜே305 கண்ணாடி ட்யூப். வந்த புதிதில் சும்மா மேசையில் வைத்தாலே நிமிடத்துக்கு இருபதுக்கு மேல் காட்டும். போன மாதத்திலிருந்து இரண்டு, மூன்றுதான்.

சோதனைக்கு வைப்பது செம்பனைக்குப் போடும் எம்ஓபி (பொட்டாசியம் குளோரைடு) உரம். சிவப்பாக, கல் உப்பு மாதிரி இருக்குமே, அதேதான். அதிலுள்ள பொட்டாசியம் 40-இன் அரை ஆயுள் சுமார் 125 கோடி ஆண்டு. அதனால் உரம் பழசாகிவிட்டது என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்! பீட்டா, காமா கதிர்கள் இரண்டும் வரும். ஒரு கிலோ பையை ஒட்டி வைத்தால் முன்பு எண்ணிக்கை நன்றாகவே ஏறியது. இப்போது அசைவே இல்லை.

பேட்டரி மாற்றியாச்சு. ட்யூபின் இரு முனை கிளிப்பையும் துடைத்துப் பார்த்தாச்சு. ட்யூபுக்குப் போகும் வோல்டேஜ் மல்டிமீட்டரில் 150 வோல்ட்கூட வரவில்லை, 400 பக்கம் இருக்க வேண்டும். ஆனால் சாதாரண மீட்டரை வைத்தாலே அந்த வோல்டேஜைக் கொடுக்கும் மெல்லிய சப்ளை இறங்கிவிடும், அந்தக் கணக்கை நம்ப முடியாது. ஈப்போவில் ரிப்பேர் கடைக்காரர் போர்டைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். விற்றவரிடமிருந்து பதில் இல்லை.

ஹை வோல்டேஜ் புரோப் இல்லாமல், போனது ட்யூபா சப்ளையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?