புது ஐடியா கூட்டத்தை எப்படி நடத்துகிறீர்கள்?

வணக்கம் நண்பர்களே. புதிய ஆப் யோசனைகளுக்காக எங்கள் டீம் மாதாமாதம் கூடுகிறது. மேனேஜர் முதலில் வாயைத் திறந்துவிட்டால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு சரி. ஜூனியர்கள் நல்ல யோசனையை அப்புறம் டீக்கடையில்தான் சொல்கிறார்கள்!

அமேசானில் 2004இல் பவர்பாயின்டை நிறுத்திவிட்டு, ஆறு பக்கக் குறிப்புக்கு மாறினார்கள். கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் அதை மௌனமாகப் படித்த பிறகுதான் பேச்சு. அட்லாசியன் என்ற மென்பொருள் நிறுவனத்தில் 24 மணி நேரம் கொடுத்து, பிடித்ததைச் செய்துகாட்டச் சொல்கிறார்கள். கிளையன்ட் வேலைக்கு நடுவே எங்களுக்கு ஒரு நாள் முழுக்க யார் தருவார்கள்? அதனால் முதல் வழிதான் ஒத்துவரும் என்று தோன்றுகிறது.

யாராவது இப்படிச் செய்து பார்த்திருக்கிறீர்களா? சின்ன டீமுக்கு ஒரு பக்கம் போதுமா? எழுதியவர் பெயரை மறைத்தால் ஜூனியர்கள் துணிந்து எழுதுவார்களா? வீட்டிலிருந்து வேலை செய்பவர்களை எப்படிச் சேர்த்துக்கொள்கிறீர்கள்?