காக்கிச் சட்டை போய்ப் புள்ளிச் சட்டை வந்தது: பொலிஸுக்கு வெளிநாட்டுப் பயிற்சி, உங்கள் அனுபவம் என்ன?

மட்டக்களப்பான்:

போன கிழமை ஒரு கலியாண வீட்டில் வந்த பேச்சு இது. "பொலிஸ்காரனை வெளிநாட்டுக்கு அனுப்பிப் பழக்கினால் நல்லதுதானே, நாலு நல்ல விஷயத்தைப் பழகிக்கொண்டு வருவான்" என்றார் ஒருவர். இலங்கையின் கிழக்கில் வளர்ந்தவனுக்கு இதற்குத் தலையாட்ட மனம் வராது. ஏன் என்று சொல்லப் போனால் சோறு ஆறிவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் பெரியப்பா பொலிஸில் இருந்தவர். காக்கி உடுப்பு, இடுப்புப் பட்டியில் பொல்லு, சட்டைப் பையில் குறிப்புப் புத்தகம். ஆடு களவு போனது என்று யாராவது வந்தால் சைக்கிளில் போவார். வேலியில் சைக்கிளைச் சாத்திவிட்டு, தேத்தண்ணி குடித்து, அயலில் நாலு பேரை விசாரித்து எழுதிக்கொண்டு வருவார். துவக்கு ஸ்டேஷன் அலுமாரியில் பூட்டிக் கிடக்கும். அது ஒன்றும் பொற்காலம் இல்லை. கை நீட்டி வாங்கியவர்களும் இருந்தார்கள், கை நீட்டி அடித்தவர்களும் இருந்தார்கள். 1981இல் யாழ் நூலகம் எரிந்த இரவில் ஊருக்குள் நின்றதும் பொலிஸ்தான். ஆனால் பெரியப்பாவின் வேலை என்ன என்பது அவருக்கும் தெரியும், ஆடு தொலைத்தவருக்கும் தெரியும்.

விசேட அதிரடிப்படை வந்தது அதற்குப் பிறகு. 1983–84இல் தொடங்கினார்கள். சட்டப்படி அது பொலிஸின் ஒரு பிரிவு. ஆனால் உடுப்பு பச்சைப் புள்ளி, கையில் எம்-16, ஏறி வருவது பவல் கவச வாகனத்தில். கண்ணிவெடிக்குத் தப்புவதற்காகத் தென்னாபிரிக்க இராணுவத்துக்கென்று செய்த வண்டி அது. அதில் வந்து இறங்குகிறவனிடம் ஆடு களவு போனதைச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

இவர்களைப் பழக்கியது கீனி மீனி சேவிசஸ் என்ற பிரித்தானியத் தனியார் கம்பெனி. சுருக்கமாகக் கே.எம்.எஸ். எஸ்.ஏ.எஸ். என்ற பிரித்தானிய விசேட படையிலிருந்து விலகியவர்கள் நடத்தியது. களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தையில் பயிற்சி முகாம். அப்போதைய ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனவின் மகன் ரவி ஜெயவர்த்தன பாதுகாப்பு ஆலோசகராக இருந்து இதற்கெல்லாம் முன்னின்றார். பழகி முடித்தவர்களைக் கிழக்குக்கு அனுப்பினார்கள். அதாவது, பொலிஸ் வேலை பழக வேண்டியவர்களுக்குப் பழக்கியவர்கள், வாழ்நாளில் ஒரு முறைப்பாடும் எழுதியிராத கொமாண்டோக்கள்.

உங்களில் யாருக்காவது இந்தப் பயிற்சியோடு, பயிற்றியவர்களோடு, பயின்றவர்களோடு நேரடி அனுபவம் இருந்தால் எழுதுங்கள். நல்லதென்றாலும் சரி.


படுவான்கரை:

அண்ணை, நான் பயிற்சியைக் கண்டதில்லை, அதன் விளைச்சலைத்தான் கண்டேன். பெயர் ஊர் கேட்காதீர்கள், எந்தப் பிரிவு என்றும் கேட்காதீர்கள்.

வாவியைக் கடந்து டவுனுக்குப் போக எங்களுக்குப் பாலம்தான் வழி. பாலத்துக்கு வெகு முன்பே சைக்கிளால் இறங்கி உருட்ட வேண்டும். அம்மா ஒரு மூட்டை நெல்லரிசி கொண்டுபோவார். சென்றியில், அதாவது காவலரணில், நிற்கிறவன் நீட்டுக் கம்பியை மூட்டைக்குள் விட்டு விட்டு இழுப்பான். கம்பி போன ஓட்டையால் அரிசி ஒழுகும். அம்மா அதை முந்தானையால் ஏந்திக்கொண்டே அடையாள அட்டையை நீட்டுவார். ஒழுகுகிற அரிசியை ஒரு கையால் பொத்துவது எப்படி என்று எனக்கு எட்டு வயதிலேயே தெரியும்.

அங்கே கண்ட இன்னொன்று பிறகுதான் விளங்கியது. ஒருவன் அட்டையைப் பார்ப்பான். மற்றவன் பக்கத்தில் நிற்க மாட்டான், சரிவாகத் தள்ளி நின்று எங்கள் இடுப்பையும் கையையும் பார்ப்பான். மூன்றாமவன் மண்மூட்டைக்குப் பின்னால். ஒருவரை ஒருவர் மறைக்காமல் நிற்பார்கள். சுட வேண்டி வந்தால் தங்கள் ஆளில் படாமல் இருக்கத்தான் அந்த நிலை. அட்டையைப் பார்ப்பது சாட்டு. மூன்று பேரும் நின்றது எதிரி வருவான் என்று. வந்தது என் அம்மா.

ஹெலி பறக்கும்போது "ஓட்டுறது வெள்ளைக்காரன்" என்று பெரிய ஆட்கள் சொல்வார்கள். வேறு பல கதைகளைப் போல இதையும் கட்டுக்கதை என்றுதான் நினைத்தேன். கே.எம்.எஸ். விமானிகள் இலங்கை விமானப்படை ஹெலிகளை ஓட்டியதும், பிரித்தானியத் தூதரகத்துக்கு அது தெரிந்திருந்ததும் லண்டனில் வெளியான அரச கோப்புகளில் இருக்கிறது. பள்ளிக்கூடமே போகாத என் தாத்தா சொன்னது சரியாகிவிட்டது.

1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலை இறால் பண்ணையில் நடந்த கொலைகளைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பண்ணையில் கூலி வேலைக்குப் போன பொடியன்களும் செத்தார்கள். அதிரடிப்படை நடவடிக்கை என்றுதான் பதிவாகியிருக்கிறது. அந்த மாதத்திலும் கே.எம்.எஸ். நாட்டில்தான் இருந்தது.


காத்தான்குடி:

பிரித்தானியாவை மட்டும் சொல்லிவிட்டு இஸ்ரேலை விட்டுவிட்டீர்களே. 1984இல் கொழும்பு அமெரிக்கத் தூதரகத்துக்குள்ளேயே இஸ்ரேலுக்கு ஒரு நலன் பேணும் பிரிவு திறந்தார்கள். ஆலோசகர்களும் பயிற்சியாளர்களும் அந்த வழியாகத்தான் வந்தார்கள். எங்கள் முஸ்லிம் ஆட்கள் கிழக்கிலும் கொழும்பிலும் எதிர்ப்புக் காட்டினார்கள். வாப்பா ஊர்வலத்துக்குப் போய் வந்து செருப்பறுந்த கதையைச் சாகும்வரை சொன்னார். பிரேமதாச 1990இல் அந்தப் பிரிவை மூடினார். வாப்பாவுக்கு அதில் பெரிய சந்தோஷம், ஆனால் அந்த வருஷம் எங்கள் ஊருக்கு நடந்தது வேறு, அதை இங்கே கிளற விரும்பவில்லை.


ஸ்கொட்லாந்துக் கடைக்காரன்:

என்னுடையது கொஞ்சம் வேறு மாதிரி. ஃபைஃப் பகுதியில் கிங்கார்டின் பக்கத்தில் டல்லியலன் என்று ஒரு கோட்டை வீடு இருக்கிறது. ஸ்கொட்லாந்துப் பொலிஸ் கல்லூரி அங்கேதான். இலங்கைப் பொலிஸ் அதிகாரிகள் அங்கே படிக்க வந்து போனார்கள், ஸ்கொட்லாந்து அதிகாரிகளும் இலங்கைக்குப் போய்ப் பழக்கினார்கள். செலவைப் பெரும்பாலும் பிரித்தானிய அரசு பார்த்தது.

என் கடை அங்கிருந்து தூரமில்லை. ஒரு சனிக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். குளிருக்குப் புதிதாக வாங்கிய ஒரே மாதிரி ஜக்கெட், தலைமயிர் ஒட்ட வெட்டு. பார்த்தவுடனே விளங்கிவிட்டது. ஒருவர் "அய்யே, உம்பலகட தியெனவாத?" என்று கேட்டார். மாசி இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்தேன். செத்தல் மிளகாய், தேங்காய்ப் பால் மா, மலிபன் பிஸ்கற். விடுதிச் சாப்பாடு சப்பென்று இருக்கிறதாம். நான் தமிழன் என்று தெரிந்ததும் ஒருவர் தமிழில், "நான் மன்னாரில் இருந்தேன்" என்றார். எப்போது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மிச்சக் காசை எண்ணிக் கொடுத்தேன், "நன்றி அண்ணா" என்று வாங்கிக்கொண்டார்.

என்ன படிக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். வீட்டு வன்முறை விசாரணை, சிறுவர் பாதுகாப்பு என்றார்கள். பொய் சொன்னதாக நினைக்கவில்லை. அதுதான் பாடத்திட்டத்தில் இருந்தது.

2021இல் இந்த ஒப்பந்தத்தை நிறுத்தச் சொல்லி எங்கள் ஆட்களும் மனித உரிமை அமைப்புகளும் இயக்கம் நடத்தினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். அந்த வருஷம் நவம்பரில் ஸ்கொட்லாந்துப் பொலிஸ், 2022 மார்ச்சில் முடிகிற ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று அறிவித்தது. "குழந்தைகளைக் காப்பாற்றப் படிப்பதைப் போய் நிறுத்தச் சொல்கிறாயே" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். என் பதில் இது: அந்த மூன்று பேரும் நல்லவர்களாகவே திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் டல்லியலன் முற்றத்தில் எடுத்த படத்தை இலங்கை அரசாங்கம் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் காட்டும், பார், எங்கள் பொலிஸ் திருந்திவிட்டது என்று. 2006 ஜனவரி 2ஆம் தேதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுடப்பட்ட வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019 ஜூலையில் போதிய சாட்சி இல்லை என்று விடுவிக்கப்பட்டார்கள். சாட்சி சொல்லக்கூடியவர்கள் நாட்டை விட்டே ஓடியிருந்தார்கள். சாட்சியைக் காப்பாற்றத் தெரியாத பொலிஸுக்கு நற்சான்றிதழ் எதற்கு?


வன்னி ஆசிரியை:

தம்பி, அந்தப் பாடத்தின் இந்தப் பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். போர் முடிந்து சில வருஷத்தின் பின் எங்கள் பக்கத்தில் சமூகப் பொலிஸ் செயலமர்வு ஒன்று வைத்தார்கள். வெளிநாட்டு நிபுணர் ஒருவர், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், ஒரு பெரிய தாள் சுருள், வண்ணப் பேனாக்கள். உங்கள் ஊரில் எது உங்களைப் பயமுறுத்துகிறது என்று எழுதச் சொன்னார். பெண்கள் எழுதினார்கள்: கசிப்பு என்ற கள்ளச் சாராயம், வாராவாரம் கட்டும் கிழமைக்கடனை வசூலிக்க வருகிறவன், வெளிச்சம் இல்லாத ரியூசன் ரோட்டு. ஒருத்தி மட்டும் எழுதாமல் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். எழுதினால் யார் வாசிப்பார்கள் என்று என் காதில் கேட்டாள். பின் வரிசையில் புலனாய்வுக்காரர் இருவர் சாதாரண உடுப்பில் இருந்தார்கள், எங்கள் எல்லோருக்கும் அவர்களைத் தெரியும். நிபுணருக்குத் தெரியாது.

மனுஷன் நல்ல மாதிரி, உண்மையாகவே அக்கறைப்பட்டார். அதையும் சொல்ல வேண்டும்.

அதன் பிறகு ஒருநாள் அந்தக் கிழமைக்கடன் விஷயமாக ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு முறைப்பாடு கொடுக்கப் போனேன். அவள் தமிழில் சொல்ல, அங்கே இருந்தவர் சிங்களத்தில் எழுதி, ஒப்பம் வை என்றார். என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டக் கேட்டதற்கு, அவசரம் என்றால் பிறகு வா என்றார். தமிழ் எழுதத் தெரிந்த ஒரு பெண் கொன்ஸ்டபிள் அந்த மேசையில் இருந்திருந்தால் போதும். அதற்கு ஸ்கொட்லாந்தும் வேண்டாம், செயலமர்வுச் சோற்றுப் பார்சலும் வேண்டாம்.


மட்டக்களப்பான்:

அக்கா சொன்னது எனக்குக் கலியாண வீட்டில் சொல்லத் தெரியாமல் போன பதில்.

1984இல் வந்த பயிற்சி தனியாக வரவில்லை. அதோடு துவக்கு வந்தது, வண்டி வந்தது, முகாம் வந்தது, தனிப் படிச்செலவு வந்தது, அதில் இருந்தால் மதிப்பு என்ற எண்ணமும் வந்தது. அது ஊறிவிட்டது. பிறகு வந்தது தாள் சுருளும் சான்றிதழும். பழைய பயிற்சியின் மேல் புதியது ஒரு பூச்சு, அவ்வளவுதான். சட்டமும் அப்படியே. 1979 பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லும். அது செல்லும்வரை விசாரணை எப்படிச் செய்வது என்று யார் வந்து பழக்கினாலும், அடித்து எழுதி வாங்குவதுதான் சுகமான வழி. வெளிநாட்டுப் பயிற்சி கெட்டது என்பது என் கட்சி இல்லை. எது துவக்கோடு வருகிறதோ அது நிலைக்கும் என்கிறேன்.


கொழும்பு வாசி:

ஒரு விஷயம் சேர்க்கிறேன். என்னோடு வேலை செய்யும் சிங்கள நண்பர் ஒருவருக்கு வடக்கு கிழக்குக் கதை சொன்னால், அது யுத்தம்தானே என்று முடித்துவிடுவார். 2022 ஏப்ரலில் ரம்புக்கனையில் எரிபொருள் கேட்டு வீதிக்கு வந்த சனத்தின் மேல் பொலிஸார் ரி-56 துவக்கால் சுட்டு ஒருவர் இறந்தார். ஜூலை 22 அதிகாலை காலிமுகத்திடலில் அரசுக்கு எதிராகப் போராடியவர்களின் கூடாரங்களுக்குள் இராணுவமும் பொலிஸும் அதிரடிப்படையும் புகுந்தார்கள். அன்று மத்தியானம் அவர் என் மேசைக்கு வந்து, "உங்களுக்கு இப்படித்தான் இருந்ததா?" என்று கேட்டார். இதைவிடக் கூடுதலாக இருந்தது என்றேன். பிறகு இருவரும் கன்ரீனுக்குப் போனோம், வேறு கதை பேசினோம்.


மிசௌரி, சொந்த ஊர் தூத்துக்குடி:

நான் இலங்கைக்காரன் இல்லை, ஆனா சொல்லலாம்னு நினைக்கிறேன். 2014 ஆகஸ்டில் ஃபெர்குசனில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது நான் சென்ட் லூயிஸ் பக்கம்தான் இருந்தேன். கவச வண்டி மேல் ஒருத்தர் துப்பாக்கியை ஊன்றிக் குறி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, எதிரே கையைத் தூக்கியபடி நின்ற ஜனங்கள். சென்ட் லூயிஸ் கவுண்டி போலீஸின் முன்னாள் தலைவர் 2011இல் இஸ்ரேலுக்குப் பயிற்சிப் பயணம் போனவர் என்பது அப்போது நிறையப் பேசப்பட்டது. உண்மைதான். ஆனால் எல்லாப் பழியையும் அங்கே போட்டால் அமெரிக்கா தப்பித்துவிடும். லாஸ் ஏஞ்சலஸில் அதிரடிக் குழு தொடங்கியது 1960களில். ராணுவத்தில் மிஞ்சியதைப் போலீஸுக்குக் கொடுக்கும் 1033 திட்டம் 1990களிலிருந்து இருக்கிறது. யாரும் வெளியிலிருந்து சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

எங்க ஊரில் 2018 மே 22 அன்று மஞ்சள் டீ-ஷர்ட்டில் ஒரு போலீஸ்காரர் வேன் மேல் படுத்துக் குறி பார்த்த படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் நடந்த அந்தத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அதற்கும் எந்த நாட்டுக்காரனும் வந்து வகுப்பெடுக்கவில்லை. அதனால் மட்டக்களப்பு அண்ணன் சொன்னதில் துவக்கு என்ற பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன், வெளிநாடு என்ற பாதி எனக்கு இன்னும் சந்தேகம்தான்.


மட்டக்களப்பான்:

தூத்துக்குடித் தம்பி சரியாகத்தான் இடித்திருக்கிறார். ஒன்று மட்டும் சொல்கிறேன். வெளியிலிருந்து வந்தவனுக்கு, தான் பழக்கியதற்குப் பொறுப்புச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை, வேலை முடிந்ததும் விமானம் ஏறிவிட்டான். கே.எம்.எஸ். மேல் போர்க்குற்ற விசாரணை ஒன்றை லண்டன் பொலிஸ் தொடங்கியதே 2020இல்தான், முப்பது வருஷத்துக்கும் மேல் கழித்து.

இன்னொரு வேண்டுகோள். அந்த மூன்று நாலு வருஷங்களைப் பற்றி நம்மிடம் இருப்பது பெரும்பாலும் லண்டன் கோப்புகளும் சாட்சிகளின் கதையும்தான். கட்டுக்குருந்தை முகாமில் அந்தக் காலத்தில் சமையல், சாரதி, மொழிபெயர்ப்பு, எழுதுவினைஞர் என்று எந்த வேலை செய்தவராக இருந்தாலும், அல்லது அப்படி ஒருவரைத் தெரிந்தாலும், பெயர் போடாமல் எழுதுங்கள். சிங்களத்தில் எழுதினாலும் பரவாயில்லை, கொழும்பு வாசி மொழிபெயர்த்துத் தருவார், கேட்காமலேயே அவர் தலையில் கட்டிவிட்டேன்.